இடது வளைவில் வலது கால்

ட்டுடுங்!

எவர்சில்வர் கிண்ணத்தில் புளியங்கொட்டை விழுந்ததுபோல ஓர் ஓசை. பக்கத்து வீட்டுச் சன்னலிலிருந்து வந்தது. பிள்ளைகள் டி.வி.யில் ஏதோ விளையாடுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் நான் நாற்காலியிலிருந்து எழுந்து, இரண்டு காலையும் ஓரடி அகட்டி, முழங்காலை லேசாக மடக்கி நின்றுகொண்டிருந்தேன். யாரும் எழச் சொல்லவில்லை. கால்களுக்கு யார் சொல்ல வேண்டும்?

பருப்பு கழுவிக்கொண்டிருந்த என் மனைவி செல்வி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, பனியில சறுக்கப் போறீங்களா? மொதல்ல வந்து தேங்காயைத் துருவுங்க."

துருவினேன். நின்றுகொண்டே துருவினேன். நின்றுகொண்டு தேங்காய் துருவுவது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் ஐம்பத்தோரு வயது வரை ஓடிக்கொண்டிருந்தேன். "இதையெல்லாம் எழுதிப் போடுங்க, நாலு பேருக்குத் தைரியம் வரும்" என்றாள் செல்வி. எழுதுகிறேன்.

கொள்ளேகால்–மைசூர் தடத்தில் இருபத்திரண்டு வருஷமாக நான் பஸ் கண்டக்டர். அதாவது இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறேன். நின்ற இடத்தில் நிற்பதல்ல. ஓடும் இடத்தில் நிற்பது. ஒரு கையில் டிக்கெட் மெஷின், ஒரு கையில் சில்லறை, பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. இடுப்பைச் சீட்டின் ஓரத்தில் பட்டும் படாமலும் வைத்து, பாதத்தால் சாலையைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். உட்கார்ந்தால் எனக்கு அரிக்கும். சினிமாவில் இடைவேளை வரை உட்காருவதற்குள் நான்கு முறை வெளியே போய் வருவேன். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவன் நான்தான், சாப்பிடுகிறவன் இல்லை.

அப்படிப்பட்டவனுக்கு ஒருநாள் காலையில் பஸ்ஸின் முதல் படி ஒரு சாண் உயர்ந்துவிட்டது.

கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டு. ஏறினேன், கால் படிக்கு வந்து சேரவில்லை. இன்னொரு முறை. மூன்றாம் முறை கதவுக் கம்பியைப் பிடித்து இழுத்து ஏறினேன். எங்கள் டிரைவர் மகாதேவன் கண்ணாடியில் பார்த்துவிட்டான். பன்னிரண்டு வருஷமாக ஒரே வண்டி, ஒரே டீ, ஒரே சண்டை.

"ஏன் முருகேசா, வயசாயிடுச்சா? கிழவங்களுக்கு முன்னாடி சீட்டு காலியா இருக்கு."

"உன் வண்டி டயர் உயரமாயிடுச்சு, போ."

அதற்கு இரண்டு வாரம் முன்னால் வயிற்றுப்போக்கு வந்து போயிருந்தது. அதை யார் நினைத்தார்கள்? பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு. மறுநாள் எறும்புகள் முழங்காலுக்கு ஏறின. அதற்கு மறுநாள் குளியலறையில் உட்கார்ந்தவன் எழவில்லை. வலி இல்லை, அடிபடவில்லை. கால்கள் இரண்டும் அடுத்த வீட்டுக்காரருடையவைபோல அங்கே கிடந்தன.

மைசூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் உதறவேண்டும், உதறவில்லை. இந்தப் பக்கம் தட்டினார், அந்தப் பக்கம் தட்டினார். ஆளில்லாத வீட்டுக் கதவு. பிறகு நரம்புச் சோதனை. காலில் ஒரு இடத்தில் மின்சாரத்தைத் தொட்டு, அது இன்னொரு இடத்துக்கு வந்துசேர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கிறார்கள். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்றார் அந்த அறைக்காரர். எறும்புதான், ஆனால் கட்டெறும்பு, அதுவும் கோபத்தில் இருக்கிற கட்டெறும்பு. அடுத்தது முதுகெலும்புகளுக்கிடையில் மெல்லிய ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்தார்கள். நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது: கில்லன் பாரி சிண்ட்ரோம்.

பெயரைக் கேட்டதும் செல்வி, "இது எந்த ஊரு சீக்குங்க?" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டு ஒரு காகிதத்தில் மின்கம்பி வரைந்தார். நம் நரம்பு ஒரு கம்பி. அதன்மேல் ஓர் உறை. வயிற்றுக்கு வந்த கிருமியை விரட்டப்போன நம் உடம்பின் காவல்காரர்கள், ஆள் அடையாளம் தெரியாமல் அந்த உறையையே கடித்துவிட்டார்கள். உறை போனால் சேதி போகாது. மூளை "எழு" என்கிறது, காலுக்குக் கேட்பதில்லை. உறை திரும்ப வளரும். மெதுவாக வளரும். பெரும்பாலானவர்கள் எழுந்து நடந்துவிடுகிறார்கள்.

"அப்ப பயமில்லீங்களா?"

"கால் வரைக்கும் பயமில்லை. அது மேல ஏறி மூச்சுக்கு வராம பாத்துக்கணும்."

அந்த வாரம் எனக்கு நினைவிருப்பது இரண்டு அளவுகள். ஒன்று, மூச்சு. நான்கு மணி நேரத்துக்கொருமுறை நர்ஸ் வந்து, "ஒரே மூச்சில் எண்ணுங்க" என்பார். மூச்சு விடும் தசைகளில் எவ்வளவு பலம் மிச்சம் என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய கருவி இல்லையாம். எண்கள் எனக்கு அலுப்பு. நான் நிறுத்தங்களைச் சொல்கிறேன் என்றேன். கொள்ளேகால், முடிகுண்டம், மூகூர், நரசீபுரம், வருணா, மைசூர். நடுவில் கைகாட்டினால் நிற்கும் சின்ன நிறுத்தங்களும் சேர்த்து. முதல் நாள் மைசூர் போய்ச் சேர்ந்து பாதி வழி திரும்பியும் வந்தேன். மூன்றாம் நாள் மூகூரைத் தாண்ட முடியவில்லை. நர்ஸ் குறித்துக்கொண்டு போனார். அப்போது பயந்தேன்.

இன்னொரு அளவு செல்வியுடையது. ஒவ்வொரு காலையும் என் பால்பாயிண்ட் பேனாவை எடுத்துக்கொண்டு காலடியில் உட்காருவாள். "இங்க தெரியுதுங்களா? இங்க?" விரலால் தொட்டுத் தொட்டு மேலே வருவாள். உணர்வு தெரிகிற இடத்தில் ஒரு கோடு போடுவாள். கணுக்காலுக்கு மேல் ஒரு கோடு. முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு. தொடையில் ஒரு கோடு. மருந்து ஏறத் தொடங்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நோய் எதிர்ப்புச் சத்தாம், ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக. அதன் விலையை அவள் இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. நான்காம் நாள் போட்ட கோடு ஐந்தாம் நாளும் அங்கேயே இருந்தது. ஏழாம் நாள் அதற்குக் கீழே ஒன்று.

"எறங்குதுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அன்று மாலை நான் ஒரே மூச்சில் வருணாவில் இருந்தேன்.

மூச்சு தப்பியது. இனி கால். டிப்போவிலிருந்து சேதி வந்திருந்தது: ஓடும் வண்டியில் பிடிமானமில்லாமல் நிற்க முடியும் என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்தால் பழைய வேலை. இல்லாவிட்டால் டிப்போவின் சாமான் அறையில் நாற்காலி, மின்விசிறி, ஓய்வு பெறும்வரை. நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்குத்தான் அந்த நாற்காலி கனவில் வந்தது. என்னைத் துரத்தவில்லை. சும்மா காத்திருந்தது.

பயிற்சி அறை தரைத்தளத்தில், காண்டீனுக்கு அடுத்து. மசால் தோசை வாசனையில் எழுந்து நிற்கப் பழகுவது ஒரு தனி ஊக்கம். முதல் ஒன்றரை மாதம் இரண்டு கம்பிகளுக்கு நடுவே. பிறகு வாக்கர். பிறகு கைத்தடி. அந்தக் கட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் காவ்யா என்னை ஒரு டி.வி. முன் கொண்டுபோய் நிறுத்தினாள். தரையில் எடை பார்க்கும் மெஷின்போல ஒரு வெள்ளைப் பலகை. காவ்யா இருபத்தெட்டு வயதுப் பெண், தினம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வருகிறவள். தமிழைச் சினிமா பார்த்தே கற்றவள். வாக்கியம் தமிழில் கிளம்பிக் கன்னடத்தில் போய் இறங்கும்.

"இது வீடியோ கேம், சார். பலகை மேல நிந்துக்கோங்க. எந்தக் கால்ல எவ்வளவு வெயிட்டுன்னு அதுக்கே கொத்தாகும், தெரிஞ்சிடும்."

"வைத்தியத்துக்கு வந்தேனா, விளையாட வந்தேனா?"

"சும்மா கால் தூக்கி எறக்குன்னா பத்து தடவைல போர் ஆகும் உங்களுக்கு. இதுல நூறு தடவை செய்வீங்க, எண்ணவே மாட்டீங்க. நோடி, பாருங்க."

பலகையில் ஏறினேன். மெஷின் என்னை எடை போட்டது, ஆட்டிப் பார்த்தது, ஏதோ கணக்குப் போட்டு, என் உடம்பின் வயது எழுபத்தொன்று என்று கொட்டை எழுத்தில் அறிவித்தது. மூலையில் உட்கார்ந்திருந்த செல்வி, "நல்லவேளை, பொண்ணு பாக்க வந்தப்ப இந்த மெஷின் இல்லைங்க" என்றாள்.

முதலில் யோகா. உலகத்தின் நான்கு மூலையிலிருந்தும் ஆட்கள் பாயைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு யோகா கற்க வருகிற ஊர் மைசூர். அவர்களுக்கு டிக்கெட் கிழித்திருக்கிறேனே தவிர, ஓர் ஆசனமும் அறியேன். கடைசியில் நான் விருட்சாசனம் கற்றது திரையில் வந்த ஒரு வெள்ளைப் பொம்மையிடம். அது ஆங்கிலத்தில், கோபமே இல்லாமல், "உங்கள் உடல் சற்று ஆடுகிறது" என்று சொல்லும். ஆடுகிறதா? மரம் என்றால் ஆடாதா? எங்கள் பக்கத்துத் தென்னையைப் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். ஆனாலும் சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் மூன்று விநாடி, ஐந்து விநாடி, பிறகு சுவரைத் தொடாமல் எட்டு. அந்தப் பொம்மை "அருமை" என்றால் எனக்கு முகம் சிவந்தது. உடம்பின் வயது அறுபத்திநாலுக்கு இறங்கியது. தோசை சாப்பிட்டோம்.

திரையில் ஒரு சிவப்புப் புள்ளி. உடலைச் சாய்த்து அதை வட்டத்துக்குள் கொண்டுபோக வேண்டும். தேர்ந்தேன். நின்ற இடத்தில் அணிவகுப்பு நடை. தேர்ந்தேன்.

அப்புறம் பனிமலை வந்தது.

திரையில் ஒரு பொம்மை பனியில் சறுக்கிக்கொண்டு இறங்கும். பொம்மைதான் நான். வழியில் இடதும் வலதுமாகக் கொடிகள் நட்ட கதவுகள். இடது கதவுக்கு இடது காலில் எடை, வலது கதவுக்கு வலது காலில். கதவுக்குள் நுழைந்தால் ட்டுடுங். தவறினால் ஒரு சோகமான ஊதல். முதல் நாள் இருபது கதவில் இரண்டு ட்டுடுங். இரண்டாம் நாள் ஒன்று. மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. இடப்பக்கம் வளைகிற பாதையில் நான் வலப்பக்கக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தேன்.

"சார், லெஃப்ட்ல வெயிட்டுன்னு சொன்னா ஏன் ரைட்டுக்கு ஹோக்தீரா?"

"தெரியலையேம்மா. மனசு இடது காலுக்குத்தான் சொல்லுது."

காவ்யா சிரிப்பதை நிறுத்தினாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. டாக்டரம்மாவை அழைத்து வந்தாள். கண்ணை மூடச் சொல்லிக் கால் கட்டைவிரலை மேலே கீழே அசைத்து, எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். கண்ணை மூடினாலும் கால் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதே, அந்த அறிவு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. எல்லாம் சரியாகச் சொன்னேன். அதிர்வு தரும் இரும்புக் கவையை எலும்பில் வைத்தார்கள். தெரிந்தது. புள்ளியை வட்டத்துக்குள் கொண்டுபோகச் சொன்னார்கள். போனது.

"நிந்த எடத்துல எல்லாம் சரி. எதிர்ல ஏதாவது ஓடுனா மட்டும் தப்பாகுது" என்றாள் காவ்யா. அவள் சொல்லாமல் விட்டதை நானே சொல்லிக்கொண்டேன். டிப்போ கேட்டதும் அதைத்தானே? சனிக்கிழமை அவள் அறிக்கை எழுத வேண்டும். அன்று புதன்.

வியாழனும் காடுதான். செல்விகூட வேடிக்கை பேசவில்லை. என் செருப்பை எடுத்து நேராக வைத்தாள், நேராக இருந்ததை மறுபடி நேராக வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மகாதேவன் வந்தான். வார விடுமுறை. கையில் நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழச் சீப்பு. பயிற்சி அறைக்குள் எட்டிப் பார்த்து, "நீ ஆடு, நான் நிக்கறேன்" என்று எனக்குப் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டான். பொம்மை கிளம்பியது. முதல் வளைவு இடது. காடு. அடுத்தது வலது. பள்ளம். மூன்றாவது இடது. ஊதல்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. வாழைச் சீப்பு பெஞ்சில் விழுந்தது.

"அய்யோ மாராயா! ஏய் முருகேசா, நீ எங்கடா நிக்கறே? இது நம்ம பஸ்ஸுடா!"

காவ்யா திரும்பினாள். "ஏனு சார்? எதுக்கு நகுதீரா? சிரிக்கற விஷயமா இது?"

"மேடம், அவன் காலைப் பாருங்க, டி.வி.யைப் பாக்காதீங்க. ரோடு இடது பக்கம் திரும்புது. நான் ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடிச்சா வண்டிக்குள்ள நிக்கறவன் எந்தப் பக்கம் சாய்வான்?"

"ரைட்."

"அப்ப விழாம இருக்க எந்தக் காலை ஊனணும்?"

அவள் ஒரு கணம் தன் காலையே பார்த்தாள். அந்த அறையின் நடுவே, பிடிக்காமல், கண்ணுக்குத் தெரியாத ஒரு பஸ்ஸில் நின்று பார்த்தாள். வலது கால் ஊன்றியது.

"அதைத்தான் அவன் செய்யறான். இருவத்திரண்டு வருஷமா செய்யறான். நான் வளைக்கறதுக்கு முன்னாடியே இவன் கால் ஊனிடும், மேடம். ரோட்டைப் பாத்தாலே போதும்."

திரையில் பனி. மலை. யாரோ வெளிநாட்டுப் பொம்மை. என் கால்களுக்கோ அது நரசீபுரத்துக்கு முன்னால் வருகிற வளைவு! நான் ஓட்டுகிறவனாக விளையாடவே இல்லை. ஓட்டுகிறவன் வேறு யாரோ. நான் உள்ளே நின்று டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

காவ்யா குனிந்தாள். வெள்ளைப் பலகையை அப்படியே அரை வட்டம் திருப்பி வைத்தாள். பலகையின் இடம் வலமாயிற்று, வலம் இடமாயிற்று.

"இப்ப ஏறுங்க, சார். ஒண்ணும் யோசிக்காதீங்க. டிக்கெட் கொடுங்க."

ஏறினேன். இடது வளைவு. ட்டுடுங். வலது. ட்டுடுங். இரட்டை வளைவு, ட்டுடுங் ட்டுடுங். மகாதேவன் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து இல்லாத ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டு ஹாரன் அடித்தான். செல்வி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பதினெட்டு கதவு. காண்டீன் ஆட்கள் கரண்டியோடு வந்து வாசலில் நின்றுவிட்டார்கள். உடம்பின் வயது ஐம்பத்துமூன்று என்றது மெஷின். "ரெண்டு வயசு பாக்கிங்க" என்றாள் செல்வி.

ஆனால் காவ்யா லேசில் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை.

"கேம் கேம்தான், சார். பலகையைத் திருப்பி வெச்சு ஆடுனாருன்னு நான் ரிப்போர்ட் எழுத ஆகல்ல. நாளைக்கு நான் வீட்டுக்குப் போற பஸ்ல நீங்களும் வாங்க. நிந்து காட்டுங்க."

டாக்டரம்மா ஒப்புக்கொண்டார், இடுப்பில் பெல்ட் கட்டி அதைக் காவ்யா பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. சனிக்கிழமை மாலை. மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் போகும் பஸ். கூட்டம். நான்கு மாதத்துக்குப் பிறகு பஸ்ஸின் படி. அது தன் பழைய உயரத்திலேயே இருந்தது. செல்விக்குச் சீட்டு கிடைத்தது. என் கைத்தடி அவள் மடியில். என்னைப் பார்த்ததும் மூன்று பேர் எழுந்தார்கள். "குந்துக்கொள்ளி சார், குந்துக்கொள்ளி." உட்காருங்கள் என்கிறார்கள், நல்ல மனிதர்கள். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். இடுப்பில் பெல்ட்டும் பின்னால் ஒரு பெண்ணுமாக ஒருவன் ஏன் உட்காரமாட்டேன் என்கிறான் என்று ஒரு குழந்தை வாயைப் பிளந்து பார்த்தது.

வண்டி நகர்ந்தது. கைகளை மார்புக்கு முன்னால் வைத்துக்கொண்டேன், மெஷின் இல்லாத கைகள். முதல் வட்டச் சந்திப்பு. உடம்பு சரிந்தது, வலது கால் போய் ஊன்றியது. ஊன்றிய பாதத்துக்குள் டயர் தெரிந்தது, டயருக்குக் கீழே தார் தெரிந்தது. வேகத்தடை, முழங்கால் வாங்கிக்கொண்டது. திடீர் பிரேக். பிடித்துக்கொண்டு நின்றவர்களெல்லாம் முன்னால் போய் மோதினார்கள். நான் ஓரடி முன்னே வைத்து, நின்றேன். முதுகுக்குப் பின்னால் பெல்ட் தொளதொளவென்று தொங்குவது தெரிந்தது.

"பிடிச்சிருக்கியாம்மா?"

"பிடிச்சிருக்கேன், சார்."

பொய் சொன்னாள். மேல் கம்பியில் தொங்கியவை அவளுடைய இரண்டு கைகளும். என்னைப் பிடிக்க வந்தவளுக்குத் தன்னைப் பிடித்துக்கொள்வதே போதுமாக இருந்தது. சன்னலுக்கு வெளியே கரும்பு, வயல், காவிரியின் ஒரு துண்டு வெளிச்சம். நான் எதையும் பிடிக்கவில்லை. என்னை எதுவும் பிடிக்கவில்லை. உலகம் ஓடியது, நான் அதற்குள் நின்றேன்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குள் திரும்பும் கடைசி வளைவிலும் நின்றேன். வண்டி நின்றது. அது காவ்யாவின் ஊர். நாங்கள் அதே வண்டியில் மைசூர் திரும்ப வேண்டும். பெல்ட்டை அவிழ்த்துச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். செல்வி அவள் கையில் மூன்று ரசபாளைப் பழத்தைத் திணித்தாள். காவ்யா கீழே இறங்கிவிட்டுத் திரும்பி அண்ணாந்து பார்த்தாள். முதல் படிவரை வந்து நான் நின்றிருந்தேன். கூட்டம் இறங்கிச் சீட்டுகள் பாதிக்குமேல் காலி.

"சார், திங்கக்கிழமை வந்து ரிப்போர்ட் வாங்கிக்கோங்க. ஓடற வண்டியில பிடிக்காம நிக்கறாருன்னு எழுதறேன். உக்காரத்தான் வரலைன்னு கீழ ஒரு வரி சேர்க்கட்டுமா?"

"சேர்த்துடும்மா. அதுக்கும் ஒரு சீல் குத்திக் குடு."